மதுரையில் இருந்துகொண்டு பியானோ கான்செர்ட்டோ கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: கேட்டவருக்கு வயது 36, கே.கே. நகரில் வீடு, வங்கி வேலை. பள்ளிக்காலத்தில் டிரினிட்டி இசைத் தேர்வில் ஆறாம் கிரேடு வரை முடித்து அப்படியே விட்டுவிட்டார், இப்போது மறுபடி ஒழுங்காக வாசிக்கிறார், வீட்டில் 88 கட்டை டிஜிட்டல் பியானோ இருக்கிறது. ரக்மானினாஃபின் இரண்டாவது கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு) மேல் ஆசை, அது முடியாதென்றால் மொசார்ட்டின் 21. ஆர்கெஸ்ட்ரா இல்லாத ஊரில் இது வீண்வேலையா, எவ்வளவு காலம் பிடிக்கும், ஆசிரியர் வேண்டுமா என்று கேட்கிறார்.

வீண்வேலை இல்லை. ரக்மானினாஃப் இப்போதைக்கு வேண்டாம். மொசார்ட் சரி, ஆனால் 21 அல்ல. காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "ரொம்பக் கஷ்டம், விட்டுவிடுங்கள்" என்று யாரும் சொல்லிவிடுவார்கள், அது பாதிக் காரணம்தான்.

ரக்மானினாஃப் இரண்டாவது, பியானோ மட்டும் தனியாகப் பெரிய பெரிய கார்டுகளை அடிப்பதில் தொடங்குகிறது. இடது கை பத்து வெள்ளைக் கட்டை தூரம் விரிய வேண்டும், பெரிய பியானிஸ்டுகளிலேயே பலர் அதைக் கீழிருந்து மேலாக உருட்டித்தான் வாசிக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் எல்லாருக்கும் பிடித்த அந்த மெட்டு வருகிறதே, அது பியானோவிடம் இல்லை. வயலின்களும் வயோலாக்களும் கிளாரினெட்டும் மெட்டைப் பாட, பியானோ கீழே ஆர்பெஜியோ, அதாவது கார்டின் சுரங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக, ஓட்டிக்கொண்டு பக்கவாத்தியமாக இருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து மாதக்கணக்கில் இதைச் சாதகம் செய்தால் உங்களுக்குக் கிடைப்பது மெட்டில்லாத வெறும் ஓட்டம். கையும் வலிக்கும், காதுக்கும் ஒன்றும் மிஞ்சாது. நிறைய பேர் கான்செர்ட்டோவைப் பாதியில் கைவிடுவதற்குக் காரணம் விரல் அல்ல, இதுதான்.

அதனால் நான் முதலில் சொல்வது: எந்தக் கான்செர்ட்டோவை எடுத்தாலும் உங்கள் பகுதியைத் தொடுவதற்கு முன்னால் ஆர்கெஸ்ட்ரா பகுதியைப் படியுங்கள். கேளுங்கள் என்று சொல்லவில்லை, வாசியுங்கள். அநேகமாக எல்லாக் கான்செர்ட்டோவுக்கும் இரண்டு பியானோ பதிப்பு உண்டு, மேலே உங்கள் பகுதி, கீழே ஆர்கெஸ்ட்ராவை இரண்டு கைக்குச் சுருக்கிய இரண்டாம் பியானோ பகுதி. அந்தக் கீழ்ப்பகுதியை, மெதுவாக, தப்பும் தவறுமாகவாவது முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒருமுறை வாசித்துவிட்டீர்களென்றால் உங்கள் பகுதியில் எந்த இடம் பேச்சு, எந்த இடம் பதில், எந்த இடம் வெறும் அலங்காரம் என்பது தானாகத் தெரிந்துவிடும். இடையில் சிக்கலாகத் தெரியும் ட்ரெமலோவை எல்லாம் தூக்கிவிடுங்கள், அது வில் நடுங்குவதைக் காட்டுவதற்காகச் சுருக்கியவர் போட்டது. பேஸும் (அடியில் ஓடும் கீழ்ச்சுர வரி) மெட்டும் இருந்தால் போதும்.

இன்னொரு விஷயம், இது பலருக்குத் தெரிவதில்லை. மொசார்ட் தன் கையெழுத்துப் பிரதிகளில், ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் இடங்களில் பியானோ வரியில் 'கோல் பாஸ்ஸோ' என்று எழுதியிருக்கிறார், அதாவது பேஸோடு சேர்ந்து வாசி என்று. பியானிஸ்ட் அப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீங்களும் சாதகத்தின்போது அந்த இடங்களில் இடது கையால் பேஸை மட்டும் வாசித்துக்கொண்டே போங்கள். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு எங்கே நுழைவது என்ற பயம் பாதி போய்விடும். கே. 488 (கே. என்பது மொசார்ட் படைப்புகளின் பட்டியல் எண்), ஏ மேஜர், 23ஆவது கான்செர்ட்டோவில் பியானோ நுழைவதற்கு முன் ஆர்கெஸ்ட்ரா 66 பார் (நாலு எண்ணிக்கை கொண்ட தாளக் கட்டம்) வாசிக்கிறது. நாலு நாலாக எண்ணினால் குழம்பும். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் பழக்கமிருந்தால் கையில் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள், இரண்டு பாருக்கு ஓர் ஆவர்த்தனம், 33 ஆவர்த்தனம் முடிந்ததும் நீங்கள். ஆனால் சில நாள் பேஸை வாசித்துப் பழகிவிட்டால் எண்ணவே தேவைப்படாது, மெட்டே கூப்பிட்டுவிடும்.

சரி, எதை எடுப்பது?

நீங்கள் சொன்ன 21, அதாவது கே. 467, நடு மூவ்மென்ட் (கான்செர்ட்டோவின் ஒரு பகுதி) கேட்பதற்கு ஒரு குழந்தை வாசித்துவிடலாம் போலிருக்கும். வலது கையில் ஒற்றை வரி மெட்டு, இடது கையில் மும்மூன்றாக ஓடும் ட்ரிப்லெட். மெட்டு இரண்டிரண்டாகப் பிரியும் இடங்களில் சதுஸ்ரத்துக்கு எதிராகத் திஸ்ரம் விழுகிறது, அதுவும் மெதுவான வேகத்தில், மறைக்க இடமே கிடையாது. முதல் மூவ்மென்டும் கடைசியும் சரியான ஓட்டம். தவிர இதற்கு மொசார்ட் எழுதிய கடென்ஸா (ஆர்கெஸ்ட்ரா நிற்க, பியானோ தனியாக வாசிக்கும் இடம்) எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, வேறு யாராவது எழுதியதைத் தேட வேண்டும். இரண்டாவது கான்செர்ட்டோவாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவதாக நான் கைகாட்டுவது பாக்கின் எஃப் மைனர் கான்செர்ட்டோ, அவர் படைப்புப் பட்டியலில் எண் 1056. மூன்று மூவ்மென்டும் சேர்த்து ஏறக்குறைய பத்து நிமிடம். 1738 வாக்கில் லைப்சிக்கில் ஹார்ப்சிகார்டுக்காகத் தொகுத்தது, பெடல் கவலை குறைவு, ஆக்டேவ் அடிப்பது இல்லை, ஆறாம் கிரேடில் விட்ட கைக்கு ஏற்றது. நடுவில் உள்ள லார்கோவில் ஸ்ட்ரிங்ஸ் வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டுகிறது, மேலே பியானோ கமகம் மாதிரி அலங்காரங்களோடு ஒரே மெட்டை நீட்டிப் பாடுகிறது. இரண்டாம் கீபோர்டுக்காரர் ஒருவர், பிட்ஸிகாட்டோ ஒலியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, இதைச் சுலபமாகச் சமாளித்துவிடுவார். இது ஒன்றை மட்டும் நன்றாக வாசித்தாலே ஒரு கான்செர்ட்டோ வாசித்த அனுபவம் முழுதாகக் கிடைத்துவிடும் என்பது என் கட்சி.

அடுத்தது மொசார்ட் கே. 414, ஏ மேஜர், 12ஆவது. உங்கள் ஊர்ப் பிரச்சினைக்கே எழுதி வைத்த மாதிரி ஒன்று. 1782இல் எழுதிய 413, 414, 415 மூன்றையும் முழு ஆர்கெஸ்ட்ராவோடும் வாசிக்கலாம், வெறும் நாலு பேரோடும், அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவோடும் வாசிக்கலாம் என்று அவரே விளம்பரம் கொடுத்து விற்றார். காற்று வாத்தியங்கள் இல்லாவிட்டாலும் இசை குறைபடாத மாதிரி எழுதியிருக்கிறார். அந்த வருஷம் டிசம்பரில் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், இவை மிகக் கடினமும் இல்லை மிக எளிதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லியிருக்கிறார். நம்மைப் போன்ற ஆட்களுக்குத்தான். நடு மூவ்மென்ட், அந்த ஆண்டு தொடக்கத்தில் இறந்துபோன யோஹான் கிறிஸ்டியன் பாக்கின் ஒரு மெட்டில் தொடங்குகிறது. சின்ன வயதில் லண்டனில் மொசார்ட்டுக்கு அவரோடு நல்ல பழக்கம். கடென்ஸாக்களும் மொசார்ட்டே எழுதி வைத்திருக்கிறார், அலைய வேண்டாம்.

ஹைடனின் டி மேஜர் நல்ல தேர்வுதான், கடைசி மூவ்மென்ட் ஹங்கேரிய ஆட்டம், எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் அதன் வேகத்துக்கு உங்கள் பியானோவின் கட்டைகள் சரியாகத் திரும்பி வர வேண்டும். பீத்தோவன், க்ரீக், ஷூமன் எல்லாம் அப்புறம். ஷோஸ்டகோவிச் இரண்டாவது, 1957இல் மகன் மாக்சிமின் 19ஆவது பிறந்தநாளுக்கு வாசிக்க எழுதியது, நடு மூவ்மென்ட் அமெச்சூர் கைக்கு எட்டும். ஒன்றே ஒன்று: அவர் இறந்தது 1975, நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு காப்புரிமை, எனவே 2035 முடியும்வரை நோட்ஸைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மொசார்ட்டுக்கும் பாக்கிற்கும் அந்தத் தொல்லை இல்லை. ஐஎம்எஸ்எல்பி என்ற நோட்ஸ் தளத்தில் இரண்டு பியானோ பதிப்புகள் இலவசம், சால்ஸ்பர்க் மொசார்ட்டேயம் புதிய மொசார்ட் பதிப்பு முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பழைய பதிப்புகளில் பதிப்பாளர் தன் இஷ்டத்துக்குச் சேர்த்த ஸ்லரும் (சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) வால்யூம் குறிகளும் நிறைய இருக்கும், இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாததை அடித்துவிடுங்கள்.

இப்போது ஆள் சேர்க்கும் விஷயம். நம் நாட்டில் முழுநேரத் தொழில்முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்றால் மும்பை என்சிபிஏ கலை மையத்தில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான். அங்கே போய் அமெச்சூராக வாசிக்கப் போவதில்லை, விடுங்கள். மதுரையில் உங்களுக்குத் தேவை ஒரே ஓர் ஆள், நோட்ஸ் பார்த்து வாசிக்கத் தெரிந்த இன்னொரு கீபோர்டுக்காரர். நரிமேடு, பசுமலை, அரசரடி பக்கம் சர்ச்சுகளில் ஆர்கன் வாசிப்பவர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. நாலு குரலுக்கு எழுதிய பாமாலையை ஞாயிறுதோறும் பார்த்து வாசிக்கிற கைக்கு மொசார்ட்டின் இரண்டாம் பியானோ பகுதி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் நவம்பர், டிசம்பரில் போய்க் கேட்காதீர்கள், கேரல் ஒத்திகையில் மூச்சுவிட நேரமிருக்காது. பொங்கல் கழித்துக் கேளுங்கள். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்களுக்குக் காது அபாரம், கார்டு சொன்னால் எதையும் வாசிப்பார்கள், ஆனால் பலருக்கு நோட்ஸ் பழக்கம் கிடையாது. அவர்களைப் பிடிப்பதென்றால் கல்யாணமில்லாத புரட்டாசிதான் தோது, ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி இருக்கும்.

வயலின் வாசிப்பவர்கள் மதுரையில் ஏராளம், ஆனால் முக்கால்வாசிப் பேர் கர்நாடக சங்கீதம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்ஜம் பஞ்சமம் என்று கம்பியைச் சேர்த்து வாசித்துப் பழகியவர்களைத் திடீரென்று ஜி டி ஏ ஈ என்று மாற்றி ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்கச் சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். மேற்கத்திய முறையில் கற்ற இரண்டு வயலின் கிடைத்தாலே அதிர்ஷ்டம். கொடைக்கானல் மாதிரி இடங்களில் பள்ளியிலேயே வயலின், செல்லோ படித்து வந்த பிள்ளைகள் விடுமுறையில் கீழே வருவதுண்டு. வயோலா கிடைக்கவே கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். கே. 414க்கு நான் சொல்லும் ஏற்பாடு: இரண்டு வயலின் நேரடியாக, வயோலா செல்லோ இரண்டையும் ஒரு கீபோர்டுக்காரர் ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் வலது கை இடது கையாக வாசிப்பது. மூன்று பேர், ஒரு ஹால், போதும்.

யாருமே கிடைக்காத காலத்துக்கு: இரண்டாம் பியானோ பகுதியை நீங்களே வாசித்து உங்கள் டிஜிட்டல் பியானோவின் ரெக்கார்டரில் பதியுங்கள். மிடியாக, அதாவது ஒலியாக இல்லாமல் எந்தக் கட்டை எப்போது என்ற குறிப்பாக, பதியும் வசதி இருந்தால் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம், பாதி வேகத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றலாம். ரெக்கார்டர் இல்லாத மாடலென்றால் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பகுதியை அடித்து ஓடவிடலாம், அடிக்கும்போதே பாதிப் பாடம் மனதில் ஏறிவிடும். கடையில், இணையத்தில் கிடைக்கும் 'பியானோ இல்லாத ஆர்கெஸ்ட்ரா' பதிவுகளை நான் கடைசி மாதத்துக்கு முன் தொடவிட மாட்டேன். அவை நமக்காகக் காத்திருக்காது. அதைத் துரத்தித் துரத்தி வாசித்தே பழகினவர்கள் உயிருள்ள ஆளோடு உட்கார்ந்தால், எதிராளி ஒரு இடத்தில் மூச்சு வாங்குவதைக் கவனிக்காமல் ஓடிப்போகிறார்கள். சுமாராக வாசிக்கும் நண்பர் ஒருவர் எந்தப் பதிவையும் விட மேல்.

அந்தப் பதிவுகளில் இன்னொரு சிக்கல் சுருதி. ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராக்கள் பல ஏ சுரத்தை 442, 443 ஹெர்ட்ஸில் சேர்க்கின்றன, உங்கள் டிஜிட்டல் பியானோ கடையிலிருந்து வரும்போது 440இல் இருக்கும். சேர்ந்து வாசித்தால் ஏதோ புளித்த மாதிரி இருக்கும், ஏனென்று தெரியாது. செட்டிங்கில் மாஸ்டர் ட்யூனிங்கைத் தேடி மாற்றிக்கொள்ளுங்கள். பழைய சர்ச்சிலோ பள்ளியிலோ உள்ள நிஜ அப்ரைட் பியானோ கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் 230 கம்பிகளும் மதுரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் மாறி மாறி இழுபட்டு, ட்யூன் செய்து வருஷக்கணக்கான பியானோக்கள் அரை சுரம்கூட இறங்கியிருக்கும். அதோடு பதிவு ஒத்துப்போகாது. வயலின்காரர்கள் மட்டும்தான் கம்பியைத் தளர்த்தி அதற்கு இறங்கி வர முடியும். சேர்ந்து வாசிக்கும் முதல் நாளே நடு ஏ கட்டையை அடித்து, போனில் ட்யூனர் ஆப்பை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

61 கட்டை கீபோர்டில் மொசார்ட் வாசிக்க முடியுமா என்று வேறு சிலர் கேட்பதுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மொசார்ட்டின் பியானோவிலும் 61 கட்டைகள்தான், ஐந்து ஆக்டேவ். ஆனால் அது எஃப் முதல் எஃப் வரை, நம் கீபோர்டு சி முதல் சி வரை. அதாவது மேலே தேவையில்லாமல் கொஞ்சம் மிச்சம், கீழே தேவைப்படும்போது ஏழு கட்டை பற்றாது. அதைவிடப் பெரிய குறை எடை இல்லாத கட்டை. இரண்டாம் பகுதி வாசிப்பவருக்கு அது போதும், உங்களுக்கு 88 வெயிட்டட் வேண்டும், அது இருக்கிறது.

சாதகம் எப்படி என்றால், முழுக் கான்செர்ட்டோவை நினைக்காதீர்கள், ஒரு மூவ்மென்ட். அதிலும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முன்னாலிருந்தே படிப்பவர்களுக்கு முதல் பக்கம் வெண்ணெயாக இருக்கும், கடைசிப் பக்கம் வரும்போது கல்லும் முள்ளும், கேட்பவர் நினைவில் நிற்பதோ கடைசிப் பக்கம். ஓடும் இடங்களில் ஃபிங்கரிங்கைப் பென்சிலால் எழுதிவிட்டு அதன்பின் மாற்றாதீர்கள், திங்கட்கிழமை ஒரு விரல் வியாழக்கிழமை ஒரு விரல் என்றால் கை எதையும் நம்பாது. கையைப் பிரித்து, மெதுவாக, பெடல் இல்லாமல். ஹெட்போனிலேயே வாசிப்பவர்கள் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு மெல்லத் தொட்டே பழகிவிடுவார்கள், அப்புறம் வயலின் பக்கத்தில் உட்கார்ந்தால் குரலே எழும்பாது, ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது ஸ்பீக்கரில் வாசியுங்கள், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. முன்கை வலித்தால் அன்றைக்கு மூடிவிடுங்கள், சமாளித்து வாசிக்கிற வயது இல்லை.

காலக்கணக்கு: தினம் முக்கால் மணி, ஞாயிறு சற்றுக் கூடுதல் என்றால் பாக் எஃப் மைனர் லார்கோ இரண்டு மாதம், முழுதும் ஏழெட்டு மாதம். கே. 414இன் முதல் மூவ்மென்ட் அதற்குப் பிறகு ஆறு மாதம். நடுவில் மார்ச் கணக்கு முடிப்பு வரும், வங்கிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடென்ஸா பற்றி ஒரு வார்த்தை. ஆர்கெஸ்ட்ரா ஒரு கார்டில் வந்து நின்றுவிடும், நீங்கள் தனியாகப் பேசுவீர்கள், முடிவில் ஒரு நீண்ட ட்ரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாறி மாறி வேகமாக அடிப்பது), அதைக் கேட்டதும் எல்லாரும் உள்ளே வருவார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கோர்வையை எடுத்ததும் பாடகர் நிமிர்ந்து உட்கார்வாரே, அதே வேலைதான் அந்த ட்ரில்லுக்கு. கடென்ஸாவை எப்படி வேண்டுமானாலும் சுருக்கலாம், சொந்தமாகக்கூடச் சேர்க்கலாம், அந்தக் காலத்தில் அது மனோதர்மம்தான். ட்ரில்லை மட்டும் தெளிவாக, எதிராளி கேட்கும்படி வாசித்து, முடிக்கும் இடத்தில் தலையை அசையுங்கள்.

மனப்பாடம் தேவையில்லை. பார்த்து வாசியுங்கள், ஆனால் தாளைக் கவனியுங்கள்: நம் ஊரில் ஃபேன் இல்லாமல் ஒரு ஹாலிலும் உட்கார முடியாது, முதல் ஆலெக்ரோவிலேயே நோட்ஸ் பறக்கும். அட்டையில் ஒட்டி, இரண்டு பக்கமும் துணி கிளிப் போடுங்கள், அல்லது டேப்லெட். இரண்டு கீபோர்டையும் மைக் செட்காரரின் மிக்ஸரில் கொடுப்பதாக இருந்தால் எக்கோவை முழுசாக அணைக்கச் சொல்லுங்கள், அவர் அன்பாக மறுபடி போடுவார், மறுபடி அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கட்டாயம், இல்லாவிட்டால் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்காது.

ஆசிரியர் வேண்டும், ஆனால் வாரா வாரம் வேண்டாம். கிரேடு தேர்வுக்கு அனுப்பும் ஆசிரியர்களில் பலர் மூன்று பாட்டு, ஸ்கேல் என்றே ஓட்டிக்கொண்டிருப்பார்கள், கான்செர்ட்டோ என்றால் தயங்குவார்கள். "எனக்கு இரண்டாம் பியானோ வாசிப்பீர்களா" என்று நேராகக் கேளுங்கள். சரி என்பவரிடம் மாதம் இரண்டு வகுப்பு போதும், இதில் ஒரு வகுப்பு முழுக்கச் சேர்ந்து வாசிப்பதற்கு. உள்ளூரில் அமையாவிட்டால் சென்னையில் ஒருவரிடம் இணைய வகுப்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீடியோ காலில் சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி தாமதமாக வரும், அதனால் அவரிடம் ஃபிங்கரிங்கும் ஃபிரேஸிங்கும் மட்டும் சரிபார்த்துக்கொண்டு, சேர்ந்து வாசிப்பதற்கு அந்தச் சர்ச் ஆர்கன்காரரைத் தேடிப் போங்கள். போகும்போது இரண்டாம் பியானோ பகுதியின் பிரதி ஒன்றை அவருக்கென்று தனியாக, பக்கம் திருப்பும் இடங்களைக் குறித்து, கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.